பரீட்சையும் பிள்ளையின் மனமும்
பூரணத்துவ நாட்டம், ஊக்கல், கல்விக் களைப்பு என்பன பற்றிய ஒரு நோக்கு

க.பொ.த. உயர்தரப் பரீட்சை ஆரம்பமாகும் நாட்காலையில் கிராமத்துக் கோவில்களில் ஒரு காட்சியைக் காணலாம். வெள்ளைச் சீருடை அணிந்த பிள்ளைகள் பேனையையும் அனுமதி அட்டையையும் அர்ச்சனைத் தட்டத்தில் வைத்துக் கொடுப்பர். அர்ச்சனை முடிந்ததும் திருநீறு பூசிக்கொண்டு அவசரமாகப் புறப்படுவர். கூட வந்த தாய்மார் மட்டும் மூலஸ்தானத்தை நோக்கியபடி இன்னும் சற்று நேரம் நிற்பர். அந்தக் கூட்டத்தின் ஓரத்தில் சீருடை இல்லாத ஒரு பிள்ளையும் நிற்கக்கூடும். இரண்டாந் தடவை அல்லது மூன்றாந் தடவை, தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்றும் பிள்ளை அது. சாதாரண தரத்தில் 9 ஏ எடுத்த பிள்ளையாகவும் இருக்கலாம். கடந்த சில மாதங்களாக அப்பிள்ளை இரவு ஒரு மணி வரை மேசையில் இருந்திருக்கும். ஆனால் ஒரு பக்கமும் மனதில் ஏறியிராது. கொப்பியைத் திறந்தால் அழுகை வரும், அல்லது நித்திரை வரும். வீட்டார் இதற்கு வைக்கும் பெயர் “பஞ்சி”. அது பஞ்சி அன்று என்பதையும், நன்றாகப் படித்த பிள்ளைக்கே இது ஏன் நேர்கிறது என்பதையும் பெற்றோர் விளங்கிக்கொள்ள வேண்டியுள்ளது.

உளவியலாளர் இவ்விடயத்தில் மூன்று சொற்களைக் கையாளுகின்றனர். எதையும் குற்றங்குறை இல்லாமல் செய்தேயாக வேண்டும், இல்லாவிடின் அது செய்ததாகாது என்ற மனநிலை பூரணத்துவ நாட்டம் ஆகும். ஒருவரைச் செயலில் ஈடுபடத் தூண்டி, அதில் நிலைக்கச் செய்வது ஊக்கல். நீண்டகால நெருக்கடியினால் மனமும் உடலும் வற்றிப்போகும் நிலை கல்விக் களைப்பு. இம்மூன்றும் தனித்தனியானவை போலத் தோன்றினாலும் ஒன்று மற்றொன்றுக்கு வழிவிடுவதே பெரும்பாலும் நடக்கிறது.

பூரணத்துவ நாட்டம் முழுவதும் தீயதென்று கூறமுடியாது. 1978 இல் ஹமாச்செக் என்ற அமெரிக்க உளவியலாளர் அதனை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். ஒரு வகையினர் உயர்ந்த தரத்தை நாடுவர். ஆயினும் சந்தர்ப்பத்துக்கேற்ப அதைத் தளர்த்தவும், செய்த வேலையில் மகிழவும் அவர்களால் முடியும். மற்ற வகையினருக்கு எவ்வளவு செய்தாலும் போதாது. 95 புள்ளி எடுத்தால் இழந்த 5 புள்ளியே கண்ணில் நிற்கும். 1991 இல் கனடாவைச் சேர்ந்த ஹியூவிட், பிளெட் என்னும் இருவர் வேறொரு பிரிவினையை முன்வைத்தனர். தன்னிடமே குறையற்ற நிலையை எதிர்பார்த்தல் ஒன்று. பிறரிடம் எதிர்பார்த்தல் இன்னொன்று. பிறர் தன்னிடம் அதை எதிர்பார்க்கிறார்கள், தவறினால் தன்னை மதிக்கமாட்டார்கள் என்று நம்புதல் மூன்றாவது. மன அழுத்தத்தோடும் சோர்வோடும் மிக நெருங்கிய தொடர்புடையது இந்த மூன்றாவது வகையே. குரான், ஹில் ஆகியோர் 2019 இல் வெளியிட்ட ஆய்வு, 1989 முதல் 2016 வரை அமெரிக்கா, கனடா, பிரித்தானியா ஆகிய நாடுகளில் 41,000 இற்கு மேற்பட்ட கல்லூரி மாணவரிடம் பெறப்பட்ட தரவுகளை ஒப்பிட்டது. மூன்று வகையும் கூடியிருந்தன. மூன்றாவதே அதிகம் கூடியிருந்தது. அங்கெல்லாம் ஐந்தாந்தரப் புலமைப்பரிசிலும் இல்லை, இசட் புள்ளியும் இல்லை. இங்குள்ள நிலையை வாசகரே ஊகித்துக்கொள்ளலாம்.

வீட்டில் இதை இனங்காண்பது கடினமன்று. ஓர் எழுத்துப் பிழைத்தால் தாளைக் கிழித்துவிட்டு முழுப் பக்கத்தையும் மீண்டும் எழுதுதல், நான்கு நிறப் பேனைகளால் குறிப்புக் கொப்பியை அழகுபடுத்துவதிலேயே மாலை முழுவதையும் கழித்தல், ஒரு கணக்கு வராவிட்டால் மூன்று மணித்தியாலம் அதையே பிடித்துக்கொண்டிருத்தல் என்பன வெளிப்படையான அடையாளங்கள். இதைவிட மறைவான ஓர் அடையாளமும் உண்டு. அதுதான் ஒத்திவைத்தல். “பாடத்திட்டம் முழுதாக முடியட்டும், பிறகு கடந்தகால வினாத்தாள் செய்கிறேன்” என்று கூறிக் கடைசி மாதம் வரை ஒரு வினாத்தாளையும் நேரம் வைத்துச் செய்யாத பிள்ளைகள் பலர். செய்து பார்த்தால் குறை தெரிந்துவிடும் என்ற பயமே அங்கு வேலை செய்கிறது. கந்தோர்களிலும் இத்தகையோர் இருப்பர். ஒரு கடிதத்தின் வரைபை ஏழு தடவை திருத்தி, எட்டாந் தடவைக்காகக் கோவையை மேசையில் வைத்திருப்பார்கள். கடிதம் போகவேண்டிய திகதி போய்விடும். அவர்களை யாரும் சோம்பேறிகள் என்று சொல்வதில்லை, மிகுந்த கவனமுள்ளவர் என்றே சொல்வார்கள்.

பரீட்சை மண்டபத்தில் இப்பழக்கம் நேரடியான நட்டத்தைத் தருகிறது. ஒரு வினாவுக்கு முதற் பாதிப் புள்ளிகளைப் பெறுவது எளிது. கடைசி இரண்டு புள்ளிகளைப் பெறுவது கடினம். முதலாம் வினாவை மெருகேற்றிக்கொண்டிருக்கும் மாணவன் அந்த இரண்டு புள்ளிகளுக்காகக் கடைசி வினாவின் இலகுவான பத்துப் புள்ளிகளைக் கைவிடுகிறான். விடை தெரிந்திருந்தும் எழுத நேரமில்லாது போனதென்று வெளியே வந்து அழும் பிள்ளைகளில் இத்தகையோர் பலர்.

குறிப்பை அழகாக எழுதி எழுதிப் படித்தல் நல்ல படிப்புத்தானே என்று பெற்றோர் கேட்கலாம். 2006 இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்னும் இருவர் ஒரு பரிசோதனை செய்தனர். ஒரு பகுதியினர் ஒரே பந்தியைத் திரும்பத் திரும்ப வாசித்தனர். மறு பகுதியினர் ஒருமுறை வாசித்துவிட்டு, புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்த்தனர். ஐந்து நிமிடத்தின் பின் சோதித்தபோது திரும்ப வாசித்தவர்களே முன்நின்றனர். ஒரு வாரத்தின் பின் சோதித்தபோது எழுதிப் பார்த்தவர்களே கூடுதலாக நினைவில் வைத்திருந்தனர். பிழை விட்டு, திருத்தி, மீண்டும் பிழை விட்டுப் படிப்பதே மனதில் நிற்கிறது. பிழைக்குப் பயந்த பிள்ளையோ அந்த வழிக்கே வருவதில்லை.

இனி, இலங்கையின் பரீட்சை முறையே இந்த மனநிலைக்கு எவ்வாறு எண்ணெய் ஊற்றுகிறது என்பதைப் பார்க்கவேண்டும். முன்னர் நான்கு பாடங்களுக்கும் மொத்தம் 400 புள்ளி. ஒருவர் எடுத்த கூட்டுப்புள்ளி இவ்வளவென்று சொல்லலாம். பாடங்கள் மூன்றாகக் குறைந்து, 2001 முதல் இசட் புள்ளி நடைமுறைக்கு வந்தது. ஒரு பாடத்தில் மாணவர் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்தின் சராசரிப் புள்ளியைக் கழித்து, வரும் தொகையை நியம விலகலால் வகுத்தால் இசட் புள்ளி கிடைக்கும். உதாரணமாக, ஒரு பாடத்தின் சராசரி 50, நியம விலகல் 15 எனில், 65 எடுத்தவருக்கு இசட் புள்ளி 1. வேறொரு பாடத்தின் சராசரி 40, நியம விலகல் 10 எனில், 55 எடுத்தவருக்கு 1.5. குறைந்த புள்ளி எடுத்தவருக்கே இங்கு கூடிய பெறுமதி. மூன்று பாடங்களின் சராசரி நான்கு தசமதானங்களுக்குக் கணிக்கப்படுகிறது. வெவ்வேறு கடினமுள்ள பாடங்களை ஒப்பிடுவதற்கு இது நியாயமான முறையே. அதில் குறைகாண்பது இங்கு நோக்கமன்று. ஆனால் பூரணத்துவ நாட்டமுள்ள பிள்ளைக்கு இது அடித்தளமில்லாத கிணறு. நூற்றுக்கு நூறு என்ற ஓர் எல்லை இருந்தால் அதை அடைந்ததும் நிற்கலாம். இசட் புள்ளியில் நிற்குமிடம் இல்லை. மற்றவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்பதே கணக்கு.

அத்தோடு, பெரும்பாலான பீடங்களுக்கு இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகை அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. ஒரே இசட் புள்ளியுடன் முல்லைத்தீவில் ஒரு பிள்ளைக்குக் கிடைக்கும் பீடம் யாழ்ப்பாணத்தில் இன்னொரு பிள்ளைக்குக் கிடைக்காமற் போகலாம். வெட்டுப்புள்ளியை இரண்டாம், மூன்றாம் தசமதானத்தில் தவறவிட்டவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உள்ளனர். அந்தத் தசமத்துக்கு இந்தப் பக்கம் நின்றவர் கெட்டிக்காரர், அந்தப் பக்கம் நின்றவர் மொக்கர் என்று எந்தக் கணிதமும் கூறவில்லை. ஊர்தான் கூறுகிறது.

ஊர் அவ்வாறு கூறுவதற்கும் வரலாறு உண்டு. 1945 இல் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் வந்த இலவசக் கல்வி, வயலும் கடலும் மட்டுமே தெரிந்த குடும்பங்களுக்கு அரசாங்க உத்தியோகத்தின் கதவைத் திறந்தது. 1970 களின் முற்பகுதியில் வந்த தரப்படுத்தல் அந்தக் கதவு மூடப்படக்கூடும் என்ற பயத்தை ஒரு தலைமுறையின் மனதில் பதித்தது. பின் யுத்தம் வந்தது. 1995 ஒக்ரோபரில் வலிகாமம் இடம்பெயர்ந்தபோதும், 2009 இல் வன்னியிலும் வீடு, காணி, நகை யாவற்றையும் விட்டு வந்தவர்களால் கையோடு கொண்டுவரக்கூடிய ஒரே சொத்தாகப் படிப்பே இருந்தது. மின்சாரமில்லாத யாழ்ப்பாணத்தில் ஜாம் போத்தல் விளக்கில் படித்துப் பட்டம் பெற்றவர்கள் இன்று பெற்றோராக இருக்கின்றனர். “நாங்கள் அந்த விளக்கிலை படிச்சனாங்கள், உங்களுக்கு என்ன குறை?” என்ற கேள்வியில் பொய் இல்லை. ஆயினும் அக்கேள்விக்குப் பிள்ளையால் ஒருபோதும் பதில் சொல்லமுடியாது. பெற்றோர் பட்ட துன்பத்துக்கெல்லாம் ஈடாகத் தன் பெறுபேறு அமையவேண்டும் என்று நினைக்கும் பிள்ளைக்கு எந்தப் பெறுபேறும் போதாததே.

ஊக்கல் பற்றிச் சில வார்த்தைகள். 1971 இல் எட்வேட் டெசி என்பவர் பல்கலைக்கழக மாணவருக்குப் புதிர்க்கட்டைகளைக் கொடுத்து, ஒரு பகுதியினருக்கு மட்டும் தீர்த்த புதிருக்குப் பணம் கொடுத்தார். பணம் நிறுத்தப்பட்டபின், பணம் பெற்றவர்கள் தம் ஓய்வுநேரத்தில் புதிரில் ஈடுபடுவது குறைந்தது. 1973 இல் லெப்பர் முதலியோர் படம் வரைவதில் விருப்பமுள்ள பாலர் வகுப்புப் பிள்ளைகளிடம் இதைச் சோதித்தனர். வரைந்தால் சான்றிதழ் தரப்படும் என முன்கூட்டிச் சொல்லப்பட்ட பிள்ளைகள், சில நாட்களின் பின் மற்றவர்களைவிட ஏறத்தாழ அரைவாசி நேரமே வரைந்தனர். எதிர்பாராமல் சான்றிதழ் பெற்றவர்களுக்கு இந்த வீழ்ச்சி ஏற்படவில்லை. பரிசு கெடுதல் செய்யவில்லை, பேரம்தான் கெடுதல் செய்தது எனலாம். “புலமைப்பரிசில் பாஸ் பண்ணினால் சைக்கிள்” என்ற பேரத்தில் பத்து வயதுப் பிள்ளை கற்றுக்கொள்வது, படிப்பு என்பது சைக்கிளுக்காகச் செய்யவேண்டிய கசப்பான வேலை என்பதையே. வறிய பிள்ளைகளுக்கு உதவிப்பணமும் வசதியான பாடசாலையில் இடமும் அளிப்பதற்காக ஏற்பட்ட பரீட்சை இன்று பெற்றோரின் கௌரவப் போட்டியாகிவிட்டது வருந்தத்தக்கது.

பாராட்டிலும் கவனம் தேவை. முல்லர், ட்வெக் என்னும் இருவர் 1998 இல் வெளியிட்ட ஆய்வில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளே பங்குபற்றினர். இலகுவான கணக்குகளைச் செய்து முடித்ததும் ஒரு பகுதியினரிடம் “நீ மூளைசாலி” என்றும், மறு பகுதியினரிடம் “நன்றாக முயன்றிருக்கிறாய்” என்றும் சொல்லப்பட்டது. அடுத்துக் கடினமான கணக்குகளில் யாவரும் சறுக்கினர். அதன்பின் மூளைசாலி எனப்பட்டவர்கள் முயற்சியைச் சீக்கிரம் கைவிட்டனர். மீண்டும் இலகுவான கணக்குகள் தரப்பட்டபோதும் முன்னரைவிடக் குறைவாகவே செய்தனர். தம் புள்ளியைக் கூட்டிச் சொன்னவர்களும் அவர்களிடையே கூடுதலாக இருந்தனர். “எங்கடை பிள்ளை கெட்டிக்காரன்” என்று விருந்தாளிகளுக்குச் சொல்லும் வீடுகளில் தவணைப் பரீட்சைத் தாள் ஏன் புத்தகப் பையின் அடியில் ஒளிந்திருக்கிறது என்பது இதிலிருந்து ஓரளவு விளங்கும்.

களைப்பு என்பதை ஒரு நோய்க்குறித் தொகுதியாக முதலில் விவரித்தவர்களுள் ஒருவர் புரொய்டன்பேகர். நியூயோர்க்கில் இலவச மருத்துவ நிலையமொன்றில் பணியாற்றிய அவர், ஆர்வத்தோடு வந்த தொண்டர்களே சில காலத்தில் எரிந்து தீர்ந்த விளக்குப் போலாவதைக் கண்டு 1974 இல் அதுபற்றி எழுதினார். 1981 இல் மஸ்லாக், ஜக்சன் ஆகியோர் அதை அளப்பதற்கான வினாக்கொத்தை வெளியிட்டனர். 2002 இல் ஷௌஃபெலி முதலியோர் ஸ்பெயின், போர்த்துக்கல், நெதர்லாந்து மாணவரிடம் ஆராய்ந்து, படிப்பினாலும் இதே நிலை ஏற்படுவதைக் காட்டினர். மாணவரிடம் அது மூன்று விதமாகத் தென்படும். நித்திரை கொண்டெழுந்தாலும் தீராத களைப்பு முதலாவது. “இதைப் படித்து என்ன?” என்ற வெறுப்பு இரண்டாவது, நேற்றுவரை விரும்பிய பாடமே கசக்கும். என்னால் எதுவும் இயலாது என்ற எண்ணம் மூன்றாவது. உலக சுகாதார நிறுவனம் 2019 இல் இதனைத் தொழில் சார்ந்த ஒன்றாகவே வரையறுத்துள்ளது என்பதையும் குறிப்பிடவேண்டும். அதிகாலை ஐந்து மணி வகுப்பு, பாடசாலை, பின்னேர ரியூசன், இரவுப் படிப்பு என்று ஓடும் பிள்ளைக்கு அது தொழில் இல்லையென்றால் வேறு என்னவென்று தெரியவில்லை. பரீட்சைத் திகதிகள் தள்ளிப்போன ஆண்டுகளில் இது இன்னும் மோசமானது. 2021 ஆம் ஆண்டுக்குரிய உயர்தரப் பரீட்சை 2022 பெப்ரவரியிலேயே நடந்தது. ஓட்டத்தின் எல்லைக்கோடு நகர்ந்துகொண்டே போனால் ஓடுபவர் மூச்சு வாங்கவும் நிற்கமுடியாது.

பஞ்சிக்கும் களைப்புக்கும் உள்ள வேறுபாட்டைச் சாதாரணமாகவே காணலாம். பஞ்சியுள்ளவன் படிக்காமல் விளையாடுவான், அதில் சந்தோசப்படுவான். களைத்த பிள்ளை படிக்கவும் மாட்டாது, விளையாடவும் மாட்டாது. புத்தகத்தின் முன்னே குற்றவுணர்வோடு இருக்கும். விடுமுறை விட்டாலும் அதை அனுபவிக்கமாட்டாது. எனினும் எல்லாவற்றையும் மனதின் மேல் போட்டுவிடக் கூடாது. இரத்தச்சோகை, தைரொயிட் குறைபாடு என்பவற்றாலும் இதே சோர்வு வரும். பெண்பிள்ளைகளுக்கு இரத்தப் பரிசோதனை முதலிற் செய்யப்பட வேண்டும். இரு வாரங்களுக்கு மேலாக உணவு, நித்திரை, நண்பர் யாவிலும் நாட்டமிழந்தால், அல்லது “நான் இல்லாட்டி உங்களுக்குக் கரைச்சல் இல்லை” என்பது போன்ற பேச்சு ஒருமுறை வந்தாலும், அதைப் பரீட்சைக் கதையென்று விட்டுவிடாது உடனே வைத்தியரிடம் செல்லவேண்டும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்துப் பேசலாம். பாடசாலைகளில் உளவளத்துணை ஆசிரியர்கள் உள்ளனர். அவர்களிடம் செல்வது வெட்கத்துக்குரியதன்று. காய்ச்சலுக்கு ஆசுப்பத்திரி செல்வதை யாரும் மறைப்பதில்லை.

களைப்பு அந்த அளவுக்குப் போகாத பிள்ளைக்கு வீட்டிலேயே செய்யக்கூடியவை உண்டு. முதலாவது நித்திரை. 13 முதல் 18 வயதுள்ளோருக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணித்தியாலம் தேவையென அமெரிக்க நித்திரை மருத்துவக் கழகம் 2016 இல் பரிந்துரைத்தது. பகலில் படித்தது மனதிற் பதிவதும் நித்திரையிலேதான். அடுத்து, வகுப்புகளைக் குறைத்தல். ஒரு பாடத்துக்கு மூன்று ஆசிரியரிடம் போகும் பிள்ளைக்குத் தானாக இருந்து படிக்க நேரமில்லை. எதை விடுவது என்பதைப் பிள்ளையே தெரிவு செய்யட்டும். தன் படிப்பில் தனக்கும் ஒரு சொல் உண்டு என்ற உணர்வே இழந்த ஊக்கலை மீட்கும். பூரணத்துவ நாட்டமுள்ள பிள்ளைக்குத் “இன்னும் படி” என்று சொல்வதைவிட “எட்டரைக்கு நிற்பாட்டு” என்று சொல்வதே உதவி. வினாத்தாளை நேரம் வைத்துச் செய்து, நேரம் முடிந்ததும் பேனையை வைத்துவிடப் பழக்கவேண்டும், விடை அரைகுறையாக இருந்தாலும். தொடக்கத்தில் இது அவர்களுக்குப் பெரும் வேதனையாக இருக்கும். மூன்றாவது தடவை தோற்றுவதா என்ற கேள்வி வரும்போது, திறந்த பல்கலைக்கழகம், உயர் தொழில்நுட்பவியல் நிறுவனங்கள், கோப்பாயிலுள்ள தேசிய கல்வியியற் கல்லூரி முதலியவற்றின் விண்ணப்ப முடிவுத் திகதிகளையும் குறித்துவைத்துக்கொள்வது நன்று. வேறு வழி உண்டெனத் தெரிந்த பிள்ளை அதே பரீட்சையைப் பயமின்றி எழுதும்.

சமூகத்துக்கும் இதிற் பங்கு உண்டு. சித்தியடைந்த பிள்ளைகளின் படங்களை மலர்களில் வெளியிடுவதும், திருவிழா மேடையில் அழைத்துப் பரிசளிப்பதும் கோவில் பரிபாலன சபைகள் நல்லெண்ணத்தோடு செய்பவையே. ஆனால் புலமைப்பரிசிலில் வெட்டுப்புள்ளிக்கு ஒரு புள்ளி குறைந்த பத்து வயதுப் பிள்ளையும் அன்று பந்தலில்தான் இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பெயர் ஒலிபெருக்கியில் கேட்கும்போது தாயின் முகத்தைப் பார்க்கிறது. தோற்றிய எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு புத்தகம் கொடுப்பதற்கு அதிக செலவாகாது. பரீட்சைக் காலத்தில் ஒலிபெருக்கியை உள்வீதியோடு நிறுத்திக்கொள்வதற்குச் செலவே இல்லை.

நவராத்திரியில் சரஸ்வதி பூசையன்று புத்தகங்களைப் பட்டுத்துணியிற் கட்டிக் கும்பத்தடியில் வைப்பது வழக்கம். அன்று யாரும் படிக்கக்கூடாது. படிக்கச் சொல்லவும் கூடாது. மறுநாள் விசயதசமிக் காலையில் பூசை முடிந்த பின்னரே புத்தகத்தை எடுத்து விரிப்பர். முற்காலத்தில் ஆண்டிலே பிள்ளைகள் மிக ஆவலோடு புத்தகத்தைத் திறக்கும் காலை அதுவே என்று முதியோர் கூறுவர். இப்பொழுது சில வீடுகளில், மறுநாள் ரியூசன் சோதனை இருப்பதால், வினாத்தாள் கொப்பியை மட்டும் அந்தக் கட்டில் வைப்பதில்லை.